முடிச்சூரில் மூன்று முறை தண்ணீர் புகுந்த வீடு: உயர்த்துவதா, இடித்துக் கட்டுவதா, விற்றுவிடுவதா?

கேள்வி இது: மேற்குத் தாம்பரம் அருகே முடிச்சூரில் ஒரு கிரவுண்டு மனை, பட்டா உண்டு. தரைத்தளம் மட்டும் உள்ள தனி வீடு. சுவர்தான் பாரம் தாங்குகிறது, தூண்கள் இல்லை. பேஸ்மட்டம் சாலையிலிருந்து 2 அடி உயரம். 2015-ல் வீட்டுக்குள் ஐந்தரை அடி, 2021-ல் ஒரு அடி, 2023-ல் இரண்டு அடி தண்ணீர். ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, மண் கொட்டி மேடாக்கிப் புதிதாகக் கட்டலாமா, விற்றுவிட்டுப் போகலாமா?

சுருக்கமான பதில்: மனை ஓடையிலோ ஏரியிலோ இல்லை என்று ஆவணம் சொன்னால், இடித்துவிட்டு ஸ்டில்ட் மேல், அதாவது கீழே சுவரில்லாமல் வெறும் தூண்களை மட்டும் விட்டு அதன் மேல், கட்டுங்கள். தரைமட்டத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு, குடியிருப்பை அதற்கு மேலே கொண்டுபோங்கள். கையில் பணம் குறைவு என்றால் தூக்குவதும் நியாயமான வழிதான். ஆனால் அது 2015-ஐத் தடுக்காது என்று தெரிந்தே செய்யுங்கள். மண் கொட்டி மனையை மேடாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கீழே.

முதலில் காகிதம். பட்டா இருப்பதால் அந்த இடம் வெள்ளச் சமவெளி இல்லை என்று ஆகிவிடாது. பட்டா உரிமையைச் சொல்லும், மட்டத்தைச் சொல்லாது. தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) கிடைக்கும். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை என்னவென்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், நீர்ப்பிடிப்பு என்று ஏதாவது இருந்தால் அந்த மனையில் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்க வேண்டாம். 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உயிரோடு இருக்கிறது. புலப்படத்தில் உங்கள் உட்பிரிவை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வந்து உங்கள் தெருவின் முனையில் நின்றுபோய், பள்ளத்துப் பக்கம் மறுபடி தொடங்குகிறது என்றால், நடுவில் அது எங்கே போயிற்று என்பதற்குப் பதில் பெரும்பாலும் லேஅவுட்டின் அடியில் இருக்கும். அப்படிப்பட்ட மனையில் தண்ணீர் நிற்காது, ஓடும். ஓடும் தண்ணீர் அஸ்திவாரத்தின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். ஆற்றுக்கும் அதன் கரைக்கும் இடையில் உள்ள மனைக்கும் இதே கதிதான். இந்த இரண்டு நிலையிலும் என் பதில் விற்பதோ கட்டுவதோ அல்ல, செலவை நிறுத்துவதுதான். விற்பதானால், எத்தனை அடி தண்ணீர் வந்தது என்பதை வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். மறைத்து விற்றால் அந்த வெள்ளத்தை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுகிறோம்.

ஆவணம் தெளிவாக இருந்தால் அடுத்தது மட்டம். இதை ஊகத்தில் செய்யக்கூடாது. உங்கள் முழு முடிவும் ஒரே ஒரு எண்ணில் நிற்கிறது: 2015 டிசம்பரின் உச்சத் தண்ணீர் மட்டம், சாலை நடுவிலிருந்து எத்தனை அடி? நீங்கள் சொன்ன கணக்குப்படி பேஸ்மட்டம் 2 அடி, உள்ளே ஐந்தரை, ஆக ஏழரை அடி. ஆனால் சாலை அன்று இருந்த உயரத்தில் இன்று இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருந்தால் நாலைந்து அங்குலம் ஏறியிருக்கும். அதனால் சாலையை அடிப்படையாக எடுக்காமல், நகராத ஒன்றை எடுங்கள்: பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் படி, எதுவானாலும் சரி. தெருவில் நாலைந்து வீடுகளில் தண்ணீர்க் கோடு எங்கே நின்றது என்று கேட்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) பிடித்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு கோடுகள் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். பிறகு ஒரு சர்வேயரை வைத்து ஆட்டோ லெவல் கருவி மூலம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எடுத்துவிடுங்கள். நீர்வளத்துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்துத் தடையின்மைச் சான்று கேட்கும்போது அவர்கள் மட்டத்தைக் கடல்மட்டக் கணக்கில்தான் எழுதுவார்கள். உங்கள் கையில் அதே கணக்கில் எண் இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

குடியிருக்கும் தளத்தின் தரை, 2015 மட்டத்துக்கு மேலே குறைந்தது இரண்டு அடி இருக்க வேண்டும். ஏன் இரண்டு அடி? 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அது பெரிய மழைதான், ஆனால் இதற்கு மேல் பெய்யாது என்று எவரும் உறுதி தர முடியாது. மேலும், 2015-க்குப் பிறகு உங்களைச் சுற்றி எத்தனை மனைகள் மேடாகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதே மழை மறுபடி பெய்தால் தண்ணீர் நிற்க அன்றிருந்த இடம் இன்று இல்லை. ஏழரையுடன் இரண்டைக் கூட்டினால் ஒன்பதரை அடி.

இப்போது மண் கொட்டும் யோசனையைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 3 அடி உயர்த்த 7,200 கன அடி, அதாவது 72 யூனிட். கொட்டிய மண் இறுகும்போது ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் 90 யூனிட் வாங்க வேண்டும். அது 2021-க்கும் 2023-க்கும் போதும், 2015-க்குப் போதாது. ஒன்பதரை அடிக்குக் கணக்குப் போட்டால் 285 யூனிட். அந்த உயரத்துக்கு நாலு பக்கமும் கருங்கல் அல்லது கான்கிரீட் தாங்குசுவர் வேண்டும். அதன் செலவில் ஸ்டில்ட் தளமே கட்டிவிடலாம். அதைவிட முக்கியமானது, 3 அடி மேடு என்பது சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 17 லாரி. அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். தெருவில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் பதினோராவது வீட்டில் இருக்கும் வயதான தம்பதி கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, மடிப்பாக்கம் எங்கும் வெள்ளம் மோசமாகிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம்: கொட்டுகிற மண் பெரும்பாலும் இடித்த கட்டடத்தின் ரப்பிஷ். அதில் வெற்றிடங்கள் அதிகம். வெள்ளம் வந்து வடியும்போது நுண்மண் அந்த வெற்றிடங்களுக்குள் இறங்கும், மேலே போட்ட தரை உட்காரும். எங்காவது நிரப்பியே ஆகவேண்டும் என்றால் சவுடோ கிராவலோ எடுத்து, 9 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்து இயந்திரத்தால் இடித்து இறுக்குங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்குவது சென்னையில் இன்று சாதாரணமாகிவிட்டது. தூண் இல்லாத, சுவர் பாரம் தாங்கும், ஒரே தளமுள்ள வீட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும்; உங்கள் வீடு அந்த வகை. சுவரையொட்டி இருபுறமும் பள்ளம் தோண்டி, அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் துண்டு துண்டாக உடைத்து, இரும்புச் சேனல்களைச் செருகி, ஒன்று ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி வைப்பார்கள். எல்லா ஜாக்கியும் முழுமையாக பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகு, ஒரே குரலுக்கு எல்லோரும் ஒரே அளவு திருக வேண்டும். தூக்கத் தூக்கக் கீழே கட்டிக்கொண்டு வருவார்கள். இந்தப் பகுதியில் அபாயம் குறைவு. பழகிய ஆட்கள் செய்தால் கூரையில் விரிசல்கூட வராது. கோளாறு வருவது அதற்குப் பிறகுதான்.

முதல் கோளாறு: புதிதாகக் கட்டிய செங்கல் பகுதிக்கும் மேலே உள்ள பழைய சுவருக்கும் நடுவில் தொடர்ச்சியான கான்கிரீட் பெல்ட் இல்லாமல் விடுவது. செலவு குறையும் என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். பெல்ட் இல்லாவிட்டால் ஒரு மூலை அரை அங்குலம் இறங்கினாலும் ஜன்னல் மூலைகளில் சாய்ந்த விரிசல் ஓடும். ஒப்பந்தத்தில் 'எல்லாச் சுவரையும் சுற்றி, குறுக்குச் சுவர் உட்பட, பெல்ட்' என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது: வீடு மூன்றடி ஏறிவிடும், உள்ளே தரை ஏறாது. பழைய டைல்ஸ் கீழேயே கிடக்கும். அதன் மேல் மூன்றடி மண் நிரப்பி அவசரமாக டைல்ஸ் ஒட்டுவார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நடுக்கூடம் குழிந்துவிடும். அடுக்கடுக்காக இறுக்கி, மேலே 4 அங்குல கான்கிரீட்டில் 8 மி.மீ. கம்பி வலை போட்டு, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் இது வராது.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீடு ஏறியது, செப்டிக் டேங்கும் சம்ப்பும் பழைய மட்டத்திலேயே இருக்கின்றன. வெள்ளத்தில் முதலில் முழுகுபவை அவைதான்.

ஆக, 3 அடி தூக்கினால் 2021, 2023 போன்ற வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராது. 2015 மறுபடி வந்தால் உள்ளே இரண்டரை அடி நிற்கும். தூக்கும்போதே மொட்டைமாடிக்கு உள்பக்கப் படிக்கட்டு அமைத்து, மேலே கழிவறையோடு ஒரு அறை போட அடித்தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கும் என்றால் அந்த அறையைக் கட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது, அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏற ஒரு கூரை போட்ட இடம் இருப்பதும் இல்லாததும் உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம்.

இடித்துக் கட்டுவதானால் மண் பரிசோதனையில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆற்றோரச் சமவெளியில் மேலே வண்டல், கீழே களி, நடுவில் மணல் என்று அடுக்கு மாறி மாறி வரும். பத்தடி தள்ளினால் வேறு மண். மனையின் இரண்டு எதிர்மூலைகளில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் எஸ்பிடி எண் (மண்ணின் உறுதியைக் காட்டும் எண்) எடுக்கச் சொல்லுங்கள். களி ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் வகையாக இருந்தால் தனித்தனி ஃபுட்டிங் ஆகாது. அண்டர்-ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற ஆழத்தூண்) அல்லது ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை) வேண்டும். எதுவானாலும் எல்லாத் தூண்களையும் தரைமட்டத்தில் கிரேடு பீம் (குறுக்கு உத்தரம்) கட்டிப் பிணைத்திருக்க வேண்டும்.

ஸ்டில்ட் தளத்தின் மேல்தள கான்கிரீட் சாலையிலிருந்து பத்துப் பதினோரு அடியில் வரும். உங்களுக்குத் தேவையான ஒன்பதரை இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் ஸ்டில்ட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேலே சுவர்கள் நிறைந்த தளம், கீழே வெறும் தூண்கள்: நிலம் அதிர்ந்தால் முழு அசைவும் அந்தத் தூண்களில்தான் விழும். 2002-ல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்கக் குறியீடு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. எனவே மேஸ்திரி சொல்லும் '9-க்கு 12 தூண், நாலு 16 கம்பி' என்ற வாய்க்கணக்கை ஏற்காதீர்கள். மாடிப்படியையும் லிஃப்ட் கூண்டையும் சுற்றி ஷியர் வால் (பக்கவாட்டு அசைவைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வருமாறு அமைப்புப் பொறியாளர் வரைந்து தர வேண்டும். வெள்ளத்தில் மூழ்கும் தூண்களுக்குக் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கட்டாயம். கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டு வைத்துக் கான்கிரீட் போட்டால், சாக்கடை கலந்த வெள்ளம் இரண்டு முறை நனைத்துப் போனதும் கம்பி துருப்பிடித்துத் தூண் பிளக்கத் தொடங்கும்.

ஸ்டில்ட்டை ஸ்டில்ட்டாகவே வைத்திருப்பதுதான் மிகக் கடினம். மூன்று நான்கு ஆண்டு பெரிய மழை இல்லாவிட்டால் 'சும்மா கிடக்கிற இடம்தானே, ஒரு கடையோ வாடகை வீடோ போடலாம்' என்று சுவர் எழும்பும். அனுமதி பார்க்கிங்குக்கு வாங்கியது என்பதால் அது விதிமீறல். அதோடு, மூடிய சுவர் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். மூன்றடித் தண்ணீர் ஒரு சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 400 கிலோ அழுத்தம் கொடுக்கிறது. ஆழம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு: ஆறடிக்கு 1,600 கிலோ. நாலரை அங்குலச் சுவர் நிற்காது. காவலாளி குடும்பத்தைத் தரைத்தளத்து அறையில் தங்க வைப்பதும் இதே தவறுதான். அவர்களுக்கான அறையைக் குடியிருப்புத் தளத்திலோ மொட்டைமாடியிலோ கொடுங்கள்.

கதவிடுக்கில் மணல் மூட்டை, தகட்டுத் தடுப்பு, ரப்பர் பட்டை எல்லாம் வைத்து வீட்டையே நீர் புகாத பெட்டியாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றரை இரண்டு அடி வரை அது பயன் தரும். மூன்று அடிக்கு மேல் ஆபத்து. வெளியே தண்ணீர், உள்ளே காலி என்றால் அந்த வித்தியாசம் சுவரையும் தரையையும் ஒருசேரத் தள்ளும். தரை டைல்ஸ் மேல்நோக்கிப் புடைத்து வெடிக்கும். அந்த அளவுக்கு ஏறுகிறது என்று தெரிந்தால் தடுப்பை எடுத்துத் தண்ணீரை உள்ளே விடுவதுதான் கட்டடத்தைக் காப்பாற்றும். ஸ்டில்ட்டில் சைக்கிள், பொருட்கள் வைக்கச் சிறு அறை மூடியே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு சதுர அடித் தரைக்கும் ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கில், எதிரெதிர்ச் சுவர்களில், தரையிலிருந்து ஓரடிக்குள் திறப்பு விடுங்கள். 100 சதுர அடி அறைக்கு 100 சதுர அங்குலம். இரண்டு சுவரிலும் 7-க்கு 7 அங்குலத்தில் ஒவ்வொரு ஓட்டை வைத்தால் கிட்டத்தட்டப் போதும். வலை போட்டால் குப்பை அடைத்துக்கொள்ளும், கம்பி மட்டும் போடுங்கள். காம்பவுண்டு சுவருக்கும் இதே விதி: எட்டடிக்கு ஒரு கான்கிரீட் தூண், அடியில் வழிகள், முடிந்தால் மேல்பாதி கிரில். முழுச் சுவர் எழுப்பினால் தெருவின் தண்ணீரை அணைபோல் தாங்கி, ஒரே நேரத்தில் சாய்ந்து, பக்கத்தில் நிற்பவரை நசுக்கும்.

தரைமட்டத்தில் எதை வைத்தாலும் அது நனையும் என்று வைத்துக்கொண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சிமென்ட் பூச்சு, கடப்பாக்கல், கிரானைட், இரும்பு அலமாரி, யூபிவிசி கதவு தாங்கும். ஜிப்சம் பூச்சு, பிளைவுட், எம்டிஎஃப், ஏஏசி பிளாக் தாங்காது.

மின்சாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களோடு மின்சாரம் தாக்கி இறப்பவர்களும் சென்னையில் ஒவ்வொரு பெருமழையிலும் இருக்கிறார்கள். ஈபி மீட்டர் வழக்கமாக ஸ்டில்ட் சுவரில் நாலடி உயரத்தில் இருக்கும். 2015 போன்ற நாளில் முதலில் முழுகும். கட்டும்போதே அதைப் படிக்கட்டு லேண்டிங்கில், குடியிருப்புத் தள உயரத்துக்கு நெருக்கமாக வைக்க மின்வாரியத்திடம் விண்ணப்பியுங்கள். சீல் வைத்த மீட்டரை நீங்களோ எலக்ட்ரீஷியனோ நகர்த்தக் கூடாது. ஸ்டில்ட் விளக்கு, மோட்டார், கேட், வண்டி சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே தனி எம்சிபியில் (மிகை மின்சாரத்தில் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு (மின்கசிவில் தானாக அணையும் சுவிட்ச்) இணைத்து, அதை அணைக்கும் சுவிட்ச் முதல் மாடியில் இருக்கும்படி செய்யுங்கள். அப்போதுதான் தண்ணீரில் இறங்காமல் கீழ்த்தளத்தின் மின்சாரத்தை மட்டும் வெட்டிவிட்டு மேலே விளக்கெரிய இருக்க முடியும். சம்ப் மோட்டாருக்குத் தரையில் வெளியே வைக்கும் மோனோபிளாக் வேண்டாம். நீரில் மூழ்கும் ஓப்பன்வெல் சப்மர்சிபிள் போட்டு, ஸ்டார்ட்டரை மாடியில் வையுங்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடியில். லிஃப்ட் இருந்தால், மழை எச்சரிக்கை வந்ததும் இரண்டாவது மாடியில் நிறுத்தி மின்சாரத்தை வெட்டிவிடுங்கள். கீழே லிஃப்ட் குழியில் தண்ணீர் இருக்கும்போது லிஃப்ட் கீழே இறங்கினால் உள்ளே இருப்பவர் சிக்கிக்கொள்வார்.

சம்ப்பும் செப்டிக் டேங்கும் மிதக்கும் என்பது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள சம்ப், நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறியதும் 12 டன் மேல்நோக்கித் தள்ளப்படும். ஆறங்குல கான்கிரீட் சுவரோடு அதன் சொந்த எடை 10 டன்தான். காலியாக இருந்தால் அது உயர்ந்து குழாயைப் பிடுங்கிவிடும். அதனால் அடித்தள கான்கிரீட்டைச் சுவருக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஓரடி நீட்டுங்கள். அதன் மேல் உட்காரும் மண் பிடித்துக்கொள்ளும். மழைக்கு முன் சம்ப்பை நிரப்பியே வையுங்கள். ரெடிமேட் பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் இன்னும் மோசம்: 2,000 லிட்டர் டேங்க் இரண்டு டன் விசையில் மேலே வரும், அதன் எடையோ நூறு கிலோவைத் தாண்டாது. கான்கிரீட் அடித்தளத்தில் பட்டை போட்டுக் கட்டாமல் புதைக்கவே கூடாது. வெள்ளம் வடிந்த உடனே லாரி வைத்து செப்டிக் டேங்கை முழுவதும் உறிஞ்சி எடுப்பதும் இதே காரணத்தால் தவறு. சுற்றுமண் ஊறியிருக்கும்போது காலி செய்தால் சுவர் உள்ளே சரியும் அல்லது டேங்க் கிளம்பும். கிணற்று மட்டம் இறங்கும் வரை பொறுங்கள்.

கீழ்த்தளத்தில் கழிவறை வைத்தால் வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதுவும் திறந்து பார்க்கக்கூடிய சேம்பருக்குள் வேண்டும். முடியும் துணியும் சிக்கி மடல் மூடாமல் போவதுதான் வழக்கமான கோளாறு. ஆண்டுதோறும் செப்டம்பரில் திறந்து கழுவுங்கள். குடிநீருக்கு மொட்டைமாடி டேங்கை நம்புங்கள். ஐந்து பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 1,000 லிட்டர் பத்து நாள் வரும்.

எந்தத் தண்ணீரைக் கவனிக்க வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. மழை வந்தாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்க்கிறார்கள். 24 அடி முழுக்கொள்ளளவு, 2015-ல் அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த உபரிநீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரத்தூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக மறுகால் பாயும் தண்ணீர். அந்த ஏரிகளுக்கு மதகைத் திறக்கும் அறிவிப்பு பெரும்பாலும் வராது. நிரம்பினால் தானாக வழியும். ஆகவே அந்த ஊர்களில் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கலங்கலில் தண்ணீர் எத்தனை அங்குலம் பாய்கிறது என்று கேட்பதுதான் உங்களுக்கான எச்சரிக்கை. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பி வழியும்போது 20 செ.மீ. மழை என்று வானிலை மையம் சொன்னால், இருட்டுவதற்கு முன் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தில் இருப்பவர்கள்தான் செம்பரம்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். வேளச்சேரிக்காரர்கள் பார்க்க வேண்டியது பள்ளிக்கரணைச் சதுப்பையும் ஒக்கியம் மடுவையும்; மணலி புதுநகருக்குப் பூண்டி ஏரி. உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.

ஆற்றங்கரையில் பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வுகளே கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடையாறு, கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டன. அவையும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடங்கள். அங்கும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பிறகாவது, மறுகுடியமர்த்தும் இடத்தின் மட்டத்தை முதலில் பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்வதில் வரிசை முக்கியம். உள்ளே நுழையுமுன் மெயின் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கழுவுவதற்கு முன், சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படியும் கெட்டுப்போன ஒவ்வொரு பொருளும் தெரியும்படியும் படம் எடுங்கள். காப்பீட்டுக்கு அதுதான் சான்று. சேறு காய்ந்தால் கல்லாகிவிடும், அதனால் முதல் நாளே தள்ளிக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துத் திரும்பப் போடக்கூடாது, மாற்றியே ஆகவேண்டும். வயரை மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்து, ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் மாற்றுங்கள். வண்டி மூழ்கியிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள், இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, 6,000 லிட்டருக்கு 900 கிராம் என்ற அளவில் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். பவுடரில் குளோரின் 33 சதவீதம் இருக்கும் என்ற கணக்கு இது; பல மாதம் திறந்து கிடந்த மூட்டையில் அது இருக்காது. 12 மணி நேரம் ஊறவிட்டு, குழாய்களிலும் அந்தத் தண்ணீரை ஓடவிட்டு, முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் பயன்பாட்டுக்கு நிரப்ப வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெயின்ட் அடிப்பதில் அவசரம் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உள்ளே காய மாதக்கணக்காகும். டிசம்பரில் நனைந்த சுவருக்குப் பொங்கலுக்கே புட்டியும் பெயின்டும் அடித்தால் ஆடிக்குள் உப்புப் பூத்து உரியும். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி படிந்தால் இன்னும் ஈரம். சித்திரை வெயில் வரை பொறுத்தால் நல்லது.

காப்பீட்டுக்கு, 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியைக் கேளுங்கள். வெள்ளம் அதில் அடங்கும். கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பில், வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். வண்டிக்குச் சாதாரண பாலிசி இருந்தாலும், தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் மாதமும் முடிவு செய்ய வேண்டியதுதான். ஜனவரியில் மட்டம் எடுத்து, மண் பரிசோதனையும் வரைபடமும் முடித்து, நீர்வளத்துறைச் சான்றுக்கும் கட்டட அனுமதிக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி ஜூனுக்குள் கையில் வந்தால் அஸ்திவாரம், கிரேடு பீம், சம்ப் மூன்றையும் செப்டம்பர் இறுதிக்குள் மண் மூடி முடித்துவிடலாம். ஆகஸ்டுக்கு மேல் தள்ளிப்போனால் குழி தோண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் குழி நிரம்பி அடிமண் சேறாகிவிட்டால், இறைத்துவிட்டு அதன் மேலேயே கான்கிரீட் போட மேஸ்திரி அவசரப்படுத்துவார். அந்த அஸ்திவாரம் நிச்சயம் இறங்கும். தை பிறந்த பிறகு தோண்டிக்கொள்ளலாம்.